அம்மாவுக்கு ஒரு மணி நேரம்

மருத்துவமனையின் மூன்றாம் மாடிக்கு ஒன்பது இருபத்தைந்துக்குப் போய்ச் சேர்ந்தேன். ஐந்து நிமிடம் முன்னதாக. அதில் எனக்கு ஒரு சின்னப் பெருமைகூட இருந்தது. கட்டில் காலியாக இருந்தது. போர்வையை மடித்துக்கொண்டிருந்த தங்கை நிமிர்ந்து பார்த்தாள்.

"வாங்க மேடம்," என்றாள்.

"அம்மா எங்கடி?"

"எட்டு மணிக்கே ஆபரேஷனுக்கு உள்ள கொண்டுபோயிட்டாங்க."

"ஒன்பதரைன்னுல்ல போட்டிருக்கு?"

"எதுல போட்டிருக்கு?"

கைபேசியை நீட்டினேன். காலண்டரில் ஒரு பச்சைக் கட்டம். 9.30 முதல் 10.30 வரை, அம்மா. நீட்டும்போதே புரிந்துவிட்டது.

போன வாரம் அம்மா கூப்பிட்டபோது நான் வெளிநாட்டில், ஒரு கம்பெனியின் கூட்ட அறையில் இருந்தேன். அங்கே வேலை செய்பவர்களின் நேரம் எங்கே வீணாகிறது என்று கண்டுபிடித்துச் சொல்வது என் வேலை. "குரல்வளையை எடுத்துடுவாங்களாம். அப்புறம் பேச முடியாது. நீ ஏழு மணிக்கே வந்துடு, உங்கிட்ட ஒரு மணி நேரம் பேசணும்," என்றாள். அவள் பேசி முடிப்பதற்குள் காலண்டரில் ஏழு என்று பதிந்துவிட்டேன். அங்கே கடிகாரம் நம்மைவிட இரண்டரை மணி நேரம் பின்னால். நேற்று விமானம் இறங்கியதும் கைபேசி தானாக இந்த ஊர் நேரத்துக்கு மாறியது. அந்த ஏழும் ஒன்பதரையாக நகர்ந்துகொண்டது. அடிக்கடி பயணம் செய்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும் என்று படம் போட்டு விளக்குகிறவளும் நான்தான்.

அம்மா ஏழு என்று சொன்னது ஏன் நினைவில் இல்லை? எதையும் தலையில் சுமக்காதீர்கள், எழுதி வைத்துவிட்டு மறந்துவிடுங்கள் என்பது நான் எல்லோருக்கும் சொல்லித்தரும் முதல் பாடம். மறந்துவிட்டேன்.

காலையில் எழுந்து, ஒன்பதரை வரை வேறெதுவும் இல்லை என்று பார்த்தபோது பரிசு விழுந்த மாதிரி இருந்தது. போனைச் சத்தமில்லாமல் வைத்துவிட்டு அறிக்கை எழுத உட்கார்ந்தேன். ஏழிலிருந்து எட்டு வரை, ஓர் அட்டவணைக்கு நிறம் மாற்றிக்கொண்டிருந்தேன்.

"பதினோரு தடவை கூப்பிட்டேன்க்கா."

"காலைல போனை நான்..."

"தெரியும், தொடமாட்டே. ஊருக்கெல்லாம் நேரத்தை மிச்சம் பிடிக்கச் சொல்லித் தர்றவளாச்சே. மிச்சம் பிடிச்சதுல ஒரு மணி நேரம் எடுத்துக் குடேன், பார்ப்போம்."

"அம்மா திட்டினாங்களா?" என்றேன்.

"திட்டறதா? 'அவ நேரம் தவற மாட்டா, லிஃப்ட்ல வந்துட்டிருப்பா'ன்னு எனக்குச் சமாதானம் சொல்றாங்க. தள்ளிட்டுப் போறப்பவும் தலையை லிஃப்ட் பக்கமே திருப்பி வச்சிருந்தாங்க."

"என்ன சொல்லணும்னு இருந்தாங்களாம்?"

"கேட்டேனே. 'அவகிட்ட சொல்ல வேண்டியதை உங்கிட்ட எதுக்குடி சொல்லணும்'னுட்டாங்க. சரி, போன்ல பேசியாவது அனுப்பும்மான்னேன். 'வேணாம், அதை அவ ஓட்டி ஓட்டிக் கேப்பா'ன்னாங்க."

அம்மாவுக்குத் தெரிந்திருக்கிறது.

அவளுக்கு எதையும் சுருக்கமாகச் சொல்ல வராது. பக்கத்து வீட்டில் குழாய் உடைந்ததைச் சொல்ல, அந்த வீடு கட்டிய கதையிலிருந்து தொடங்குவாள். அவள் அனுப்பும் குரல் செய்திகளை விமான நிலைய வரிசைகளில் நின்றபடி இரட்டை வேகத்தில் கேட்பேன். கேட்டதும் அழித்துவிடுவேன். மாலைக்குள் எல்லாச் செய்திப் பெட்டிகளும் காலியாக இருக்க வேண்டும் எனக்கு. இப்போது தேடிப் பார்த்தேன். காலியாகத்தான் இருந்தது.

"உன் போன்ல அம்மா பேசினது ஏதாவது இருக்குமாடி?"

"எனக்கு எதுக்கு அனுப்பப்போறாங்க? நான் கூடவே இருந்தேன்."

அவள் அதைக் குத்தலாகச் சொல்லவில்லை. போர்வையை அலமாரியில் வைத்துவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். தோள்கள் குலுங்கின. நான் அவள் பக்கத்தில் போகவில்லை.

கண்ணை மூடி அம்மாவின் குரலை வரவழைத்துப் பார்த்தேன். வந்தது. மூச்சுவிடாமல், கீச்கீச்சென்று, ஒரு சொல்மேல் இன்னொரு சொல் ஏறிக்கொண்டு. மெதுவாம்மா, மெதுவா. எத்தனை முறை திரும்பக் கேட்டாலும் அதே இரட்டை வேகம்தான்.

கையில் கைபேசி அதிர்ந்தது. ஒன்பதரை. அம்மாவின் நேரம் தொடங்கிவிட்டது என்றது.