அறுபது பேரில் ஒரு கொடிக்காரன்

நான் தோற்ற யுத்தத்தைப் பற்றிச் சொல்வதற்கு முன் என்னுடைய திட்டத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். என்னிடம் இருந்த ஒரே ஒழுங்கான ஆயுதம் அதுதான். நாற்பத்திரண்டு பக்கம். பொருளடக்கம் உண்டு, பின்னிணைப்புகளும் உண்டு.

விஷயம் இதுதான். ஐந்நூற்றுச் சொச்சம் வருஷத்துக்கு முன் தெற்கே கோட்டை இராச்சியத்து அரசனின் படை வந்து யாழ்ப்பாணத்தைப் பிடித்த சண்டையை, விரல் நீளம்கூட இல்லாத பொம்மை வீரர்களை வைத்து, தாயக்கட்டை உருட்டி, மேசையில் மறுபடி ஆடுவது. வெறும் சாம்பல் நிறத்தில் வரும் அந்த வீரர்களுக்கு நாங்களே வர்ணம் தீட்ட வேண்டும். நாங்கள் என்றால் நானும் பௌஸியும். ஒரே காப்புறுதிக் கம்பனியில் அவன் ஓய்வு பெறும்வரை இருபத்திரண்டு வருஷம் பக்கத்துப் பக்கத்து மேசை. கொழும்பு கொம்பனித்தெருவில் பிறந்த அவனுக்குக் கோட்டைப் படை. வெள்ளவத்தையில் முப்பது வருஷம் இருந்துவிட்டும் யாழ்ப்பாணத்தான் என்று சொல்லித் திரிகிற எனக்கு யாழ்ப்பாணப் படை. ஆளுக்கு அறுபது பேர்.

கம்பனியில் என் வேலை, எது எப்படியெல்லாம் பிழையாகப் போகலாம் என்று முன்கூட்டியே எழுதிக் கொடுப்பது. அந்தப் புத்தியோடுதான் படையையும் திரட்டினேன். இடுப்புத் துணி என்ன நிறம் என்பதில் மட்டும் எட்டு மாதம் போனது. கடைசியில் சரித்திரம் படிப்பிக்கிற ஒரு விரிவுரையாளருக்குக் கடிதம் போட்டேன். யாருக்கும் தெரியாது, உங்களுக்குப் பிடித்த நிறத்தை அடியுங்கள் என்று ஒரு வரியில் பதில் வந்தது. இரண்டு நாள் எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

அடுத்தது அடிவர்ணம். ஸ்பிரே டின்னால் அதைத் தெளித்தால்தான் மேல் வர்ணம் பிடிக்கும். காற்றில் ஈரப்பதன் எழுபது வீதத்துக்குக் கீழே இருக்கும் நாளில் தெளியுங்கள் என்று டின்னில் போட்டிருந்தது. ஈரப்பதன் மானி ஒன்றை வாங்கி பல்கனியில் தொங்கவிட்டேன். எங்கள் பல்கனிக்கும் கடலுக்கும் நடுவில் ரயில் பாதை மட்டும்தான். மானி எண்பத்தொன்று காட்டும், எண்பத்தாறு காட்டும், மழை நாளில் தொண்ணூற்றைந்து காட்டும். வெள்ளவத்தையில் காய்ந்த காற்று வரட்டும் என்று நான் இரண்டு வருஷம் காத்திருந்தேன். தினமும் குறித்து வைத்த அளவுகளை வரைபடமாக்கி அதையும் திட்டத்தில் சேர்த்தேன்.

ஒருவனை மட்டும் பரீட்சார்த்தமாகத் தூரிகையாலேயே தீட்டினேன். கொடிக்காரன். பதினொரு வார இறுதிகள். கொடியில் இருக்கும் நந்தியின் கண்ணில் ஒரு வெளிச்சப் புள்ளிகூட உண்டு. மற்ற ஐம்பத்தொன்பது பேரும் பெட்டியில் படுத்திருந்தார்கள். பௌஸி தன் வீரர்களைப் படமெடுத்து வட்சப்பில் அனுப்பிக்கொண்டே இருந்தான். போனில் அவர்கள் அவ்வளவு அழகாக இருந்தார்கள். அதைப் பார்க்கப் பார்க்க என் கை இன்னும் பின்னுக்கு நின்றது.

அப்படி நாலாவது வருஷம் ஓடும்போதுதான் அவன் ஒருநாள் எனக்குப் போன் எடுத்தான். அவுஸ்திரேலியாவில் இருக்கும் மகள் ஹப்ஸா மெல்பனுக்கு வரச்சொல்லிவிட்டாளாம். ஒரேயடியாகப் போகிறானாம். பொசன் போயாவுக்கு, அந்தப் பௌர்ணமி லீவில், ஆடிவிடுவோம், அதற்குப் பிறகு நான் இல்லை என்றான். நான் ஓம் என்றேன். போனை வைத்த பிறகுதான் உறைத்தது. அவன் போனால் எனக்கு விளையாட ஆளில்லை என்பதல்ல, கதைக்கவே ஆளில்லை. ஐம்பத்தாறு வயதில் புதிதாக ஒரு சிநேகிதனைப் பிடிப்பதற்கு என்னிடம் திட்டம் எதுவும் இல்லை.

இருந்தது ஐந்து வாரம். முதல் வாரம், ஐந்து வாரத்தில் ஐம்பத்தொன்பது பேரைத் தீட்டி முடிப்பதற்கான அட்டவணையைத் தயாரித்தேன். இரண்டாவது வாரம் அதைத் திருத்தினேன். மிச்ச மூன்று வாரமும் மழை. என் மனைவி சுபோதினி, அந்த அட்டவணைக்கு வர்ணம் அடித்த நேரத்தில் பத்துப் பேருக்காவது அடித்திருக்கலாம் என்றாள். உண்மைதான், அட்டவணையில் ஏழு நிறம் இருந்தது.

போயா அன்று காலை ரயிலில் பௌஸி வந்து இறங்கினான். சாப்பாட்டு மேசையில் நான் பச்சைத் துணி விரித்து வைத்திருந்தேன். பிஸ்கட் டின்னைத் திறந்து அறுபது பேரையும் நிறுத்தினான். குனிந்து பார்த்தேன். ஒருவனுக்குக் கண் ஒன்று நெற்றியில் இருந்தது. இன்னொருவனின் இடுப்புத் துணி முழங்காலில் வழிந்திருந்தது. மூன்றாவது ஆளுக்குக் கண்ணே இல்லை. கேட்டால், அவன் தூங்குகிறானாம். ஈரப்பதனுக்கு என்ன செய்தாய் என்றேன். அப்படி ஒன்று இருப்பதே அவனுக்குத் தெரியாது. மாடிப்படியில் வைத்து அடித்தானாம். ஆறு ஞாயிற்றுக்கிழமையில் வேலை முடிந்ததாம்.

இவர்களைப் பார்த்தா நாலு வருஷம் பயந்துகொண்டிருந்தேன்?

"ஒன்ட ஆக்கள் எங்க மச்சான்?"

பெட்டியைத் திறந்து காட்டினேன். சாம்பல் நிறத்தில் ஐம்பத்தொன்பது பேர், பக்கத்தில் கொடிக்காரன். இன்றைக்கு மட்டும் இப்படியே ஆடுவோமா என்று மெதுவாகக் கேட்டுப் பார்த்தேன். பௌஸி தன் பையிலிருந்து, தொடக்கத்தில் நான் கொடுத்த திட்டத்தின் பிரதியை எடுத்தான். நாலு வருஷமாக வைத்திருந்திருக்கிறான். நாலாம் பக்கம், முதலாம் விதி, தடித்த எழுத்தில்: வர்ணம் தீட்டாத வீரன் மேசைக்கு வரக்கூடாது. கீழே என் கையெழுத்து.

"ஒன்ட சட்டம்தானே," என்றான்.

ஆக, யாழ்ப்பாணத்தைக் காக்க ஒரு கொடிக்காரன் போனான். அறுபது பேர் சுற்றி வளைத்தார்கள். இரண்டு தரம் எனக்கு ஆறு விழுந்தது, அதனால் மூன்றாவது சுற்றுவரை நின்றான். பத்து நிமிஷத்தில் எல்லாம் முடிந்தது. பிறகு சுபோதினி பரிமாறிய சோற்றைச் சாப்பிட்டுவிட்டு, பின்னேரம்வரை கம்பனிக் கதைகள் கதைத்துக்கொண்டிருந்தோம். போகும்போது பௌஸி கொடிக்காரனைக் கைக்குட்டையில் சுற்றிச் சட்டைப் பைக்குள் வைத்தான்.

"இவன் எனக்குக் கைதி. மத்த அம்பத்தொம்பது பேரையும் பெயின்ட் அடிச்சி எடுத்துக்கிட்டு வந்து மீட்டுக்கிட்டுப் போ."

பத்து நாள் கழித்து மெல்பனிலிருந்து ஒரு படம் வந்தது. யன்னல் விளிம்பில் கொடிக்காரன், வெளியே மழை. கைதிக்குக் குளிருகிறதாம். எனக்குக் கண் கலங்கிவிட்டது. பிளாஸ்டிக் பொம்மைக்காக அழுகிறேன் என்று சுபோதினி நினைக்கக்கூடாதே என்று, மடிக்கணினியைத் திறந்து முகத்தை மறைத்துக்கொண்டேன். திறந்த கையோடு "மீட்புத் திட்டம்" என்று தலைப்பும் போட்டுவிட்டேன். அதன் கீழே பொருளடக்கம் என்று எழுதும்போதுதான் என்மேலேயே எனக்குக் கோபம் வந்தது.

மூடி வைத்துவிட்டுப் பல்கனிக்குப் போனேன். மானி எண்பத்தெட்டு காட்டியது. அதைக் கழற்றி மேசை லாச்சிக்குள் போட்டேன். ஐம்பத்தொன்பது பேரையும் பழைய பத்திரிகையில் வரிசையாக நிறுத்தி, அடிவர்ணத்தை அடித்தேன். மறுநாள் பார்த்தால் அங்கங்கே வெள்ளை பூத்திருந்தது, ஆனால் பிடித்திருந்தது. முதலாமவனை எடுத்து, பிடித்த நிறமென்று நீலத்தில் துணி உடுத்தினேன். கண் வைக்கும்போது சரியாக ரயில் போனது. ஒரு கண் மற்றதைவிட இரண்டு மடங்கு பெரிதாகிவிட்டது. திருத்தத்தான் கை போனது. பிறகு அவனை அப்படியே காய வைத்துவிட்டு அடுத்தவனை எடுத்தேன்.