வேங்கைக்கு ஒரு சும்மாடு

கடலோர அதிரடிப் படைக்கு 'நெய்தல் வேங்கை' என்று பெயர் வைத்து, உறுமுகிற புலியைச் சின்னமாக வரைந்து, கறுப்புச் சீருடைக்குத் துணியும் எடுத்தாகிவிட்டது. ஆள் எடுப்பது ஒன்றுதான் பாக்கி. அதற்கான நேர்காணல் மரக்காணத்தில், உப்பளத்தை ஒட்டிய கல்யாண மண்டபத்தில் நடந்தது. முந்தின நாள் முகூர்த்தத்தின் தெர்மாகோல் எழுத்துகளைக் கழற்ற ஆள் வராததால், 'கௌதம் வெட்ஸ் தமிழ்நிலா' என்பதன் கீழே நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார் கூடுதல் எஸ்.பி. அசோகன். பக்கத்தில் மனநல ஆலோசகர் அஸ்வினி.

அசோகன் நல்ல மனிதர்தான். வெளிமாநிலத்தில் மூன்று வாரப் பயிற்சிக்குப் போய்வந்ததிலிருந்து 'டாக்டிக்கல்' என்ற சொல் அவரைப் பிடித்துக்கொண்டிருந்தது. டீக்கடையில்கூட முதுகைச் சுவருக்குக் கொடுத்து, வாசலைப் பார்த்தபடிதான் டீ குடிப்பார்.

பதினோராவது ஆளாக உள்ளே வந்தாள் ஆரோக்கியசெல்வி. ஒன்பது வருடமாகக் காவல் நிலையத்தின் வரவேற்பு மேசை அவளுடையது. "ஐயா ரவுண்ட்ஸ் போயிருக்காரு, உக்காருங்க" என்பதற்கு மேல் அவளை யாரும் எதுவும் பேசவிட்டதில்லை. படைக்கு வயது வரம்பு முப்பத்தைந்து. அடுத்த மாதம் அவள் அதைத் தாண்டுகிறாள். இன்று விட்டால், ஓய்வு பெறும்வரை அதே மேசைதான்.

"இந்தக் கோஸ்ட்டுக்கு இருக்கற பெரிய த்ரெட் எது?" என்றார் அசோகன்.

முந்தைய பத்துப் பேரும் "கடல்வழி ஊடுருவல் சார்" என்று ஒப்பித்திருந்தார்கள். எல்லோருக்கும் ஒரே கைடு. அவளும் அதைத்தான் படித்திருந்தாள். ஆனால் ஜன்னலுக்கு வெளியே மேகம் கட்டியிருந்தது. பிறந்தது உப்பளத்துக் குடும்பம். ஒரு தூறல் விழுந்தால் வாரக்கணக்கில் விளைந்தது கரைந்துபோகும் என்ற பயம் பால்குடியிலேயே ஊறியது. வாய் முந்திக்கொண்டது.

"மழைங்க சார்."

"மழையா? மழையை எந்த செக்‌ஷன்ல அரெஸ்ட் பண்ணுவீங்க?"

மூலையில் குறிப்பெடுத்துக்கொண்டிருந்தவர்கூடச் சிரித்தார். அவளுக்குக் காது சுட்டது. கதை முடிந்தது என்று தெரிந்ததும் பயமும் போய்விட்டது.

அசோகன் வரைபடத்தை விரித்தார். "உப்பளத்துக்கு நடுவுல இந்த ஷெட்ல ஆயுதத்தோட ஒருத்தன். நீங்க ஆறு பேர். எப்படி அப்ரோச் பண்ணுவீங்க?"

பத்துப் பேரும் தவழ்ந்து போவதாகச் சொல்லியிருந்தார்கள். தவழ்தல் அசோகனுக்குப் பிடித்த விஷயம்.

"தவழ முடியாதுங்க சார். வெள்ளை உப்புல கறுப்பு டிரஸ்ஸோட தவழ்ந்தா, ஈசிஆர்ல பஸ்ஸுல போறவனே எட்டிப் பாத்து கை காட்டுவான். முட்டியில சிராய்ச்ச இடத்துல உப்புத்தண்ணி பட்டா வேங்கை கத்திடும் சார்."

அஸ்வினி குனிந்து கைக்குட்டையைத் தேடினார்.

"அப்ப எப்படி?"

"தலையில உப்புக் கூடை வெச்சிக்கினு வரப்பு மேல வரிசையா நடந்து போவோங்க. உப்பு தூக்கறவங்க மூஞ்சியை யாரும் பாக்கமாட்டாங்க."

"சும்மா சொல்லக்கூடாது. ப்ரூவ் பண்ணுங்க. பதினைஞ்சு நிமிஷம் என் கண்ணுல மாட்டாம இருக்கணும்."

பைனாகுலரை எடுத்துக்கொண்டு அவர் அஸ்வினியோடு மொட்டை மாடிக்கு ஏறினார். அவள் உப்பளத்துக்கு இறங்கினாள்.

கூடை நிரப்பிக்கொண்டிருந்த தையல்நாயகி நிமிர்ந்து பார்த்தாள். "ஏம்மா, போலீசு எதுக்கு உப்பு தூக்குது? எதுனா தப்பு பண்ணிட்டியா?"

"இன்டர்வியூக்கா. தோத்தா திரும்ப டேபிள்தான்."

"நிழல்ல ஃபேன் போட்டு உக்காந்து சம்பளம் வாங்கறது உனுக்குக் கசக்குதா?"

"கசக்குதுக்கா."

தையல்நாயகி அவளை ஏற இறங்கப் பார்த்தாள். பிறகு, மாற்றுக்கு வைத்திருந்த புடவையைக் காக்கி பேன்ட்டின் மேலேயே சுற்றிவிட்டு, மேலே ஒரு முழுக்கைச் சட்டையும் மாட்டிவிட்டாள். பழந்துணியைச் சும்மாடாகச் சுருட்டித் தலையில் வைத்து, கூடையையும் ஏற்றினாள். "பூட்ஸைக் கழட்டு. அத்தோட வரப்புல ஏறுனா வழுக்கி விழுவ."

மாடியில் அசோகன் இரண்டே நிமிடத்தில் கண்டுபிடித்துவிட்டார். "அதோ நீலச் சட்டை. நடையிலேயே ட்ரெயினிங் தெரியுது பாருங்க."

கீழே வாக்கிடாக்கியோடு நின்ற காவலர் அருண்ராஜ் ஓடிப்போய் விசாரித்தான். கரகரத்துப் பதில் வந்தது. "சார், இந்தம்மா பேரு மலர்கொடிங்களாம். வயசு அம்பத்தெட்டு. 'வேலை நேரத்துல எந்தப் பரதேசி பேரு கேக்கறான்'னு கேக்கறாங்க சார், ஓவர்."

"அப்ப அந்தச் செவப்புச் சேலை."

அது தையல்நாயகி. மூன்றாவதாக அவர் காட்டியது ஓர் ஆண்பிள்ளை. தலையில் துண்டு கட்டியிருந்ததால் வந்த குழப்பம் என்று விளக்கினார்.

"டைம் முடிஞ்சுது சார்" என்றார் அஸ்வினி.

"சார், இங்கதாங்க இருக்கேன்."

குரல் நேர் கீழேயிருந்து வந்தது. காம்பவுண்டு சுவரை ஒட்டிய வரப்பில், தலையில் கூடையோடு அண்ணாந்து பார்த்தபடி ஆரோக்கியசெல்வி நின்றாள். "மூணு வாட்டி இந்தப் பக்கம் போயிட்டேங்க."

அசோகன் பைனாகுலரை இறக்கினார். கொஞ்ச நேரம் அவரிடம் ஆங்கிலம் எதுவும் இல்லை.

"எட்டு வருஷமா இந்த ரோட்டுல போய்வந்துகினு இருக்கேம்மா" என்றார் அஸ்வினியிடம். "ஒரு மூஞ்சிகூட ஞாபகத்துல இல்ல."

பிறகு சுவரைப் பிடித்துக் குனிந்து, மண்டபம் அதிரக் கத்தினார். "செலக்டட்! மேல வாம்மா, கையெழுத்துப் போடணும்!"

அவள் முகம் மலர்ந்தது. கூடையை இறக்கக் கை தூக்கினாள்.

"ஏய் போலீசு!" பின்னால் வரப்பில் வரிசை முழுக்க நின்றுவிட்டிருந்தது. முன்னால் நின்ற மலர்கொடி இடுப்பில் கை வைத்திருந்தாள். "வழியில இறக்கிட்டுப் போலாம்னு பாக்கறியா? அம்பாரத்துல கொட்டிட்டுப் போ. எங்களுக்கு ரோடு விடு."

ஆரோக்கியசெல்வி மாடியைப் பார்த்தாள். பின்னால் பார்த்தாள். "சார், தோ வந்துடறேங்க" என்று சொல்லிவிட்டு, சும்மாட்டைச் சரிசெய்துகொண்டு உப்பு அம்பாரத்தை நோக்கி நடந்தாள். வரிசையும் அவள் பின்னால் நகர்ந்தது.

கையில் பேனாவோடு காத்திருந்தார் அசோகன். இந்த முறை கண்ணை எடுக்கவில்லை.