தோள்மேல் நின்ற வெள்ளிக்கிழமை

யூதர்களின் குளிர்கால மாதமான தேபேத்தின் மூன்றாம் வெள்ளிக்கிழமை மாலை ஜவுளி வியாபாரி ரஹ்மோவின் வலது தோளில் விழுந்த வெயில் அதன் பிறகு அஸ்தமிக்கவே இல்லை. அவர் இறக்கும்வரை, இருபத்தாறு வருஷம், அங்கேயே இருந்தது. அகலம் ஒரு ரொட்டித் தட்டு அளவு. குளிர்காலத்தில் சூரியன் நகரச் சுவருக்குப் பின்னால் இறங்குவதற்குக் கால் மணி முன்பு ஒரு நிறம் இருக்குமே, அந்த நிறம். மழையில் நனையாது. அங்கிமேல் அங்கியாக நாலு போட்டாலும் நாலாவது அங்கியின் மேல் வந்து உட்கார்ந்துகொள்ளும். அலெப்போவில் பாஹ்சீதா பக்கம் குடியிருந்த யூதர்கள் எல்லாரும் அதைப் பார்த்திருக்கிறார்கள்; அவர்களோடு கொடுக்கல் வாங்கல் வைத்திருந்த முஸ்லிம்களும் அர்மீனியர்களும் பார்த்திருக்கிறார்கள். அதே வாரம் பிஸ்தா ராத்தலுக்கு இரண்டு குருஷ் ஏறியது. சந்தையில் அதைப் பற்றித்தான் அதிகம் பேசினார்கள்.

குளிர்கால வெள்ளிக்கிழமையைப்போல யூத வியாபாரிக்கு விரோதி வேறு கிடையாது. கோடையில் என்றால் மதியம் வரை விற்கலாம், குளியல் கூடத்துக்குப் போய் முதுகு தேய்த்துக்கொள்ளலாம், முகச்சவரம் செய்துகொண்டு வீட்டுக்கு வரலாம், அப்போதும் சூரியன் கூரைமேல் நின்று வேடிக்கை பார்க்கும். தேபேத் மாதத்தில் மதியச் சாப்பாட்டுக் கையைத் துடைப்பதற்குள் அது பாதிச் சுவருக்கு இறங்கிவிடும். அது மறைந்த நொடியில் ஓய்வுநாள் பிறந்துவிட்டது. அப்புறம் வாங்கக் கூடாது, விற்கக் கூடாது, நெருப்பு மூட்டக் கூடாது. வீட்டு விளக்கை மனைவி அதற்கு முன்பே ஏற்றியிருக்க வேண்டும். பிந்தி ஏற்றினால் அது விளக்கில்லை, பாவம்.

ரஹ்மோவின் வீடு வணிகச் சத்திரத்தின் உயர்ந்த சுவருக்கு அடியில் இருந்தது. குளிர்காலம் முழுக்க முற்றத்தில் வெயில் எட்டிப் பார்க்காது. வழக்கமாக ஜெபாலயத்துப் பணியாள் தெருத்தெருவாகக் கதவைத் தட்டி நேரம் சொல்லிப் போவான். அந்த வாரம் அவன் நெஞ்சுச் சளியில் கிடந்தான். மேகமும் மூடியிருந்தது. அதனால் ரஹ்மோவின் மனைவி சும்புல், ஒன்பது வயது மூத்த மகள் பஹியாவைச் சத்திரத்துக்கு அனுப்பினாள். “விளக்கு ஏத்தலாமான்னு அப்பாகிட்ட கேட்டுட்டு வா. அவர் சொல்ற வார்த்தைய அப்படியே கொண்டு வா, வழியில சிந்திடாதே.”

சத்திரத்திலிருந்த தன் கடையில் ரஹ்மோ, அயின்தாப் ஊர்க்காரரான ஹாஜி பக்ரியோடு பன்னிரண்டு சிப்பம் கோடு போட்ட பட்டுத்துணிக்கு விலை பேசிக்கொண்டிருந்தார். சிப்பத்துக்கு அரை மஜீதி வெள்ளிக்காசு இடிக்கிறது. பேரம் பேசிப் பழகியவர்களுக்குத் தெரியும், அரை மஜீதிக்காக யாரும் மல்லுக்கட்டுவதில்லை. யார் முதலில் இறங்குவது என்பதற்காகத்தான். பஹியா முதல் தடவை வந்தபோது “வர்றேன்னு சொல்லு” என்றார். இரண்டாம் தடவை “இதோ வந்துட்டேன்னு சொல்லு” என்றார். அவள் இரண்டு தடவையும் ஆலங்கட்டி மழையில் நனைந்துகொண்டு ஓடினாள்.

ஹாஜி பக்ரி தேநீர்க் குவளையைக் கீழே வைத்தார். “கவாஜா, உங்க சனிக்கிழமை வாசல்ல வந்து நிக்குது. எழுந்து போங்க. கழுதைக்காரனை ரெண்டு நாள் நிறுத்தி வைக்கிறேன். ஞாயித்துக்கிழமை பேசிக்கலாம்.”

ஒரு முஸ்லிம் தனக்கு ஓய்வுநாளை ஞாபகப்படுத்துகிறாரே என்று ரஹ்மோவுக்கு உறைக்கவில்லை. வெளியே போன கிராக்கி அடுத்த கடைக் கிராக்கி என்பதுதான் ஞாபகம் வந்தது. அடுத்த கடைக்காரன் கிறிஸ்தவன்; சனிக்கிழமை திறந்திருப்பான்.

அந்த நேரம் பார்த்து பஹியா மூன்றாம் தடவை வந்து நின்றாள். காலணிக்குள் தண்ணீர் சளசளத்தது. “அப்பா, அம்மா கேக்குறாங்க. ஏத்தலாமா?”

ஏற்றச் சொன்னால் ஹாஜி எழுந்துவிடுவார். ஹாஜிக்குக் கேட்கிற மாதிரி ரஹ்மோ உரக்கச் சொன்னார். “என்ன அவசரம் உங்கம்மாவுக்கு? இன்னும் வெயில் இருக்கு. நான் வந்து வாசப்படி மிதிச்சப்புறம் ஏத்தலாம்னு சொல்லு.”

பஹியா வானத்தைப் பார்த்தாள். அது ஈயச்சட்டி மாதிரி இருந்தது. “எங்கப்பா வெயில்?”

“இதோ, என் தோள்மேல” என்றார் ரஹ்மோ, கையிலிருந்த துணியைவிட்டுக் கண் எடுக்காமல்.

பஹியா பார்த்தாள். இருந்தது. தலையாட்டிவிட்டு ஓடினாள்.

ஹாஜி பக்ரியும் பார்த்தார். அதற்குமேல் அவர் பேரம் பேசவில்லை. சொன்ன விலைக்கு ஒப்புக்கொண்டு, கைகுலுக்காமல் எழுந்து போனார். ரஹ்மோ தன் சாமர்த்தியம் என்று நினைத்துக்கொண்டார். கதவைப் பூட்டும்போதுதான் பூட்டு இவ்வளவு தெளிவாகத் தெரிகிறதே என்று யோசித்தார். வீட்டு வாசலை மிதிக்கும்போது மேகம் விலகி, இரவு பிறந்துவிட்டதற்கு அடையாளமான மூன்று நட்சத்திரம் தெரிந்தது. உள்ளே சும்புல் அவர் காலடிச் சத்தம் கேட்டு அப்போதுதான் ஏழாவது திரியை ஏற்றி, முகத்தை மூடி, துதி சொல்லி முடித்திருந்தாள். திரும்பினவள் அவர் தோளைப் பார்த்தாள். “நல்லவேளை, இன்னும் வெயில் இருக்கு” என்றாள்.

ரஹ்மோ திராட்சை ரசத்தைக் கையில் எடுத்துத் துதி சொன்னார். வெள்ளி இரவு பிள்ளைகள் தகப்பன் கையை முத்தமிடுவதும், தகப்பன் ஒவ்வொரு பிள்ளையின் தலையிலும் கை வைத்து ஆசி சொல்வதும் அந்த வீட்டு வழக்கம். பஹியா முதலில் வந்தாள். அவர் கை அவள் தலைக்கு ஒரு விரற்கடை மேலே போய் நின்றது, இறங்கவில்லை. வார்த்தையை மட்டும் அவசரமாகச் சொல்லிவிட்டு அடுத்த பிள்ளையை இழுத்துக்கொண்டார். இந்தச் சின்ன வாயால் அல்லவா தன் பொய்யைக் கொடுத்தனுப்பினோம் என்ற நினைப்பு, அந்த ஒரு விரற்கடையில் கல்லாக நின்றது.

ஊர் இரண்டே நாளில் தீர்ப்பு எழுதிவிட்டது. ஒரு மனிதன்மேல் ஒளி தங்குகிறது என்றால் அவன் மகான். இதில் என்ன ஆராய்ச்சி? ஜெபாலயத்தின் குரு ஹாகாம் ஷாவூல், தோளில் சூரியன் இருக்கிறவன் மாலைத் தொழுகை எப்போது தொழுவது என்று எட்டு நாள் ஏடு புரட்டி, சட்டம் வானத்துச் சூரியனுக்குத்தான், தோள்பட்டைச் சூரியனுக்கு இல்லை என்று முடித்துவைத்தார். வேதப் பேழையைத் திறக்கிற கௌரவத்தை அந்த ஊரில் ஏலம் விட்டுத்தான் கொடுப்பார்கள். அண்ணன் தம்பிக்குக்கூட விட்டுத்தர மாட்டார்கள். அதை ரஹ்மோவுக்குச் சும்மா கொடுத்தார்கள். அப்படி ஒரு காரியம் அங்கே அதற்கு முன்பும் நடந்ததில்லை, பின்பும் நடக்கவில்லை. இருமுகிற குழந்தைகளைத் தாய்மார்கள் கொண்டுவந்து அவர் தோள் வெளிச்சத்தில் பிடித்தார்கள். பிழைத்தவை ரஹ்மோவின் அருள். பிழைக்காதவை ஆண்டவன் சித்தம். சும்புலுக்குக் குளியல் கூடத்தில் வெந்நீர்த் தொட்டிக்குப் பக்கத்து இடம் கிடைத்தது. அவள் நடையே மாறிப்போனது. முட்டை சுமக்கிறவள் மாதிரி தெருவில் நிமிர்ந்து நடந்தாள்.

ரஹ்மோ குனிந்து நடந்தார். ஊர் அதையும் பணிவு என்றது. விளக்கம் கேட்டவர்களிடம் ஏதோ முணுமுணுத்தார். அதை ஜெபம் என்றார்கள். குடையை விரித்தால் வெயில் குடைக்கு உள்ளே நின்றது. போர்வைக்குள் படுத்தால் போர்வைமேல் படுத்தது. அதைவிட வெள்ளிக்கிழமைகள்தான் அவரைத் தின்றன. வாராவாரம் பஹியா வந்து குனிந்து நிற்பாள், அவர் கை வாராவாரம் அதே விரற்கடையில் நின்றுவிடும். அவள் கொஞ்சம் எம்பிப் பார்த்தாள். கையும் அந்த அளவு மேலே போயிற்று.

மறு குளிர்காலம் ஹாஜி பக்ரி வந்தார். தேநீர் வேண்டாம் என்றார். ரஹ்மோவின் தோளைத் துணி பார்க்கிற மாதிரி ஒருமுறை நெருங்கிப் பார்த்தார். “கவாஜா, அன்னைக்கு நான் வாங்கினது ரெண்டு துவைப்புல வெளுத்துடுச்சு. நீங்க வாங்கினதுதான் சாயம் போகாத சரக்கு.” அவ்வளவுதான். துணி வாங்காமல் போய்விட்டார். ஊரே கூடிக் காறித் துப்பியிருந்தால் ரஹ்மோவுக்கு அதைவிட நிம்மதியாக இருந்திருக்கும்.

அதே வார வெள்ளிக்கிழமை மதியம், பக்கத்துத் தெருவிலிருந்து ஒருத்தி இருமல் குழந்தையைக் கொண்டுவந்தாள். ரஹ்மோ அதன் தலையில் கை வைத்து ஆசி சொன்னார். பஹியா அவளை வழியனுப்பிவிட்டுக் கதவைச் சாத்தி, அதன்மேல் சாய்ந்து நின்றுகொண்டாள். பத்து வயது முடிந்திருந்தது.

“ஊர்ப் பிள்ளைங்க தலையில எல்லாம் கை வைக்கிறீங்க. என் தலை மட்டும் என்ன பண்ணுச்சு?”

“என்னடி பேச்சு இது. வாராவாரம் ஆசி சொல்றேனே.”

“சொல்றீங்க. வைக்கிறதில்ல. நான் ஏதோ தப்பு பண்ணிருக்கேன், அது உங்களுக்குத் தெரியும். மகானுக்குத் தெரியாதா? என்னன்னு எனக்குத்தான் தெரியல. போன வருஷம் பூரா யோசிச்சுப் பாத்துட்டேன். தம்பியோட அல்வாவத் தின்னதா? அதுக்கு அம்மா அடிச்சாச்சு.”

“அதெல்லாம் ஒண்ணும் இல்ல. கை வலி. குளிர்ல மூட்டு பிடிச்சுக்குது.”

“இப்ப அந்தக் குழந்தைக்கு வலிக்கலையா?”

சத்திரத்தில் முப்பது வருஷம் பேசிப் பழகிய ரஹ்மோ கால்வாசி உண்மையில் ஆரம்பித்தார், அரைவாசிக்கு வந்தார். அவள் வியாபாரி மகள், எழுந்தும் போகவில்லை, இறங்கியும் வரவில்லை. கதவை விட்டு அசையாமல் நின்றாள்.

“அன்னைக்கு வெயில் இல்லடி” என்றார் கடைசியில்.

“இருந்துச்சே. நான் கண்ணால பாத்தேன்.”

“நான் சொன்னப்புறம்தான் வந்துச்சு. சூரியன் எப்பவோ போயிடுச்சு. அந்த ஹாஜி எழுந்து போயிடக் கூடாதுன்னு சொன்னேன். உன் வாயால சொல்லி அனுப்பினேன். தப்பு உன் தலையில இல்ல. என் கையிலதான்.”

சமையலறையில் விளக்குக்கு எண்ணெய் ஊற்றிக்கொண்டிருந்த சும்புல் கூஜாவோடு வெளியே வந்து நின்றாள். எண்ணெய் ஒழுகிக்கொண்டிருந்தது, அவள் கவனிக்கவில்லை.

“அப்ப நான் ஏத்தினது?”

“ஓய்வுநாள் வந்தப்புறம்.”

“ஏழு திரியுமா?”

“ஏழும்.”

அவள் கூச்சல் போடவில்லை. கூஜாவைக் கீழே வைத்தாள். “எங்கம்மா பிரசவ வலியிலகூட ஒரு வெள்ளிக்கிழமை பிந்தினதில்ல” என்றாள். எண்ணெய்க் கையைத் துடைத்துக்கொண்டு, “ஒரு வருஷம் மகான் பொண்டாட்டின்னு தெருவுல நடந்தேனே, அந்த நடைய இனிமே நான் எங்க கொண்டுபோய் வைப்பேன்?” என்றாள். ரஹ்மோ சுவரைப் பார்த்தார். தோள் வெயில் சுவரில் அவள் நிழலைப் பெரிதாக விழவைத்திருந்தது. அந்தக் குளிர்காலத்தில் அவர் கண்ட மிகப் பெரிய மனுஷி அந்த நிழல்தான்.

மறுநாள் காலை ஜெபாலயத்தில் வேதம் வாசிக்கிற மேடையில் ஏறி ரஹ்மோ எல்லாவற்றையும் சொன்னார். ஆலங்கட்டி மழை, சிப்பம், அரை மஜீதி, மூன்று தடவை நனைந்த பிள்ளை, ஏழு திரி, ஒன்றையும் விடவில்லை. சபை அமைதியாகக் கேட்டது. பிறகு முன்வரிசையில் ஒருவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு, “பாத்தீங்களா, நம்மை மாதிரிப் பாவிங்க வெக்கப்படக் கூடாதுன்னு தன்மேல பழிய இழுத்துப் போட்டுக்குறாரு” என்றார். ஆமாம் ஆமாம் என்று தலைகள் ஆடின. மாடத்திலிருந்து பெண்கள் பன்னீர் தெளித்தார்கள். ரஹ்மோ சத்தியம் செய்யப் போனார். ஓய்வுநாளில் சத்தியம் கூடாது என்று அன்போடு தடுத்தார்கள். ஹாகாம் ஷாவூல் மட்டும் அவர் அங்கியைப் பிடித்து இழுத்து இறக்கினார்.

“உக்காரு ரஹ்மோ. நீ சொல்றத நான் நம்புறேன்.”

“ஊர் நம்பலையே.”

“அதான் உனக்கு தண்டனை. வேற தனியா நான் எதுக்குக் குடுக்கணும்?”

அதன் பிறகும் இருமல் குழந்தைகள் வந்தன. வந்த ஒவ்வொருத்தியிடமும் ரஹ்மோ நடந்ததைச் சொன்னார். கேட்டுவிட்டுக் குழந்தையை நீட்டினார்கள். சும்புல் குளியல் கூடத்தில் வாசல் பக்கம், காற்றடிக்கிற இடத்துக்குத் தானாகவே மாறி உட்கார்ந்தாள். அவளோடு சேர்ந்து மற்றவர்களும் மாறியதால் வெந்நீர்த் தொட்டிப் பக்கம் காலியாகக் கிடந்தது. விளக்கு நேரத்தை இனி யார் வாயாலும் கேட்க மாட்டேன் என்று அவள் சொல்லிவிட்டாள். வெள்ளிக்கிழமைதோறும் பஹியா மொட்டைமாடிக்குப் போய், நகரச் சுவருக்குமேல் இன்னும் இரண்டு முழம் வெளிச்சம் இருக்கும்போதே “ஏத்தும்மா” என்று கத்தினாள். தெருவில் எல்லாரும் அவள் குரலை வைத்தே விளக்கேற்றத் தொடங்கினார்கள். ரஹ்மோ அந்தக் குரல் கேட்பதற்கு வெகுநேரம் முன்பே வீட்டுக்கு வந்து, கழுவிய கையோடு உட்கார்ந்திருப்பார். மகள் மாடியேறும் சத்தம் கேட்டால் அவர் முகம் சிவந்துவிடும். அந்தச் சிவப்பு அவருக்குக் கடைசிவரை போகவில்லை. வெயில் அடித்த நிறம் என்று தெரியாதவர்கள் சொன்னார்கள்.

ஜெபாலயத்தில் உண்மை சொன்ன பிறகு வந்த முதல் வெள்ளி இரவு, பஹியா அவர் கையை முத்தமிடவில்லை. நேராக வந்து நின்று, “இப்ப வைங்க” என்றாள். ரஹ்மோவின் கை அதே விரற்கடையில் போய் நின்றது. அவள் எம்பவில்லை, காத்திருந்தாள். சாப்பாடு ஆறிக்கொண்டிருந்தது. தம்பிகள் ஒருவரை ஒருவர் இடித்துக்கொண்டார்கள். சும்புல் எங்கோ பார்த்துக்கொண்டு, “வைங்க, பிள்ளை எவ்வளவு நேரம் நிக்கும்” என்றாள். கை கொஞ்சம் கொஞ்சமாக இறங்கியது. இறங்கித் தலையைத் தொட்டதும், தோளிலிருந்த வெயில் சட்டைக்கை வழியாக நிதானமாக வழிந்து அவள் தலைமுடிமேல் வந்து நின்றது. அவர் ஆசியை மூன்றாம் வார்த்தையில் மறந்தார், முதலிலிருந்து ஆரம்பித்தார், மறுபடி மறந்தார்.

“அப்பா, சீக்கிரம் முடிங்க. வேர்க்குது” என்றாள் பஹியா.

வெளியே முற்றத்துத் தொட்டியில் தண்ணீர் உறைந்து கிடந்தது. அவர் முடித்தார். வெயில் வந்த வழியே ஏறித் தோளில் போய் உட்கார்ந்தது. பஹியா உச்சந்தலை வேர்வையைக் கைநுனியால் துடைத்துக்கொண்டு, அடுத்த தம்பிக்கு இடம் விட்டு நகர்ந்தாள்.