சந்தா முடியும்போது வரும் அழைப்பு

மாதக் கடைசி நெருங்கினால் நெடுமாறனுக்கு ஒரு பரபரப்பு வந்துவிடும். அவர் பணம் கட்டிச் சேர்ந்திருந்த இணையதளத்தின் சந்தா அப்போதுதான் முடியும். முடியப்போகிறது என்று சொல்ல, அந்த இணையதள ஆபீஸில் வேலை பார்க்கும் பூர்ணிமா சென்னையிலிருந்து கூப்பிடுவாள்.

நெடுமாறன் தஞ்சாவூரில் வீடு, மனை பேசி முடித்துத் தரும் புரோக்கர். வீடு தேடுகிறவர்கள் அந்த இணையதளத்தில் தங்கள் பெயரையும் எண்ணையும் பதிந்தால், சந்தா கட்டிய புரோக்கருக்கு அது உடனே செய்தியாக வந்து விழும். 'லீட்' என்று அதற்குப் பெயர். அவருக்கு மட்டும் வந்தால் பரவாயில்லை. ஊரில் சந்தா கட்டிய அத்தனை புரோக்கருக்கும் அதே பெயர், அதே எண்தான் போகும். நெடுமாறன் கண்ணாடியைத் தேடி எடுத்து மாட்டிக்கொண்டு கூப்பிடுவதற்குள், "காலையிலேர்ந்து எத்தன பேருய்யா பேசுவீங்க? சும்மா வெல பாத்தேன், வுடுங்க" என்று எதிர்முனையில் எரிந்து விழுவார்கள். ஒரு வருடத்துக்கு மேல் ஆகியும் இணையதளம் வழியாக ஒரு வீடுகூட அவருக்கு முடியவில்லை.

சார்பதிவாளர் அலுவலகத்துக்கு எதிரே இருந்த டீக்கடையில் வீரையன் இதைச் சொல்லிச் சொல்லி மாய்ந்துபோவார். இருவரும் ஒன்றாகத் தொழிலுக்கு வந்தவர்கள்.

"ஒனக்கென்ன கிறுக்கா மாறா? எவன் நெலத்த விக்கிறான், எவன் வெளிநாட்டுலேர்ந்து வந்து எறங்கியிருக்கான்னு இங்க ஒக்காந்தாலே காதுல வுழுவுது. அந்தக் காச எதுக்கு அவனுங்களுக்கு அழுவுற?"

"காலம் மாறிப்போச்சுய்யா" என்று மட்டும் சொல்லிவிட்டு நெடுமாறன் டீயைக் குடிப்பார். மெய்யான காரணத்தை வீரையனிடம் சொல்ல முடியாது. தனக்கே அவர் அதைச் சொல்லிக்கொண்டதில்லை.

மகள் எழில்மொழியின் முதல் பிரசவத்துக்காக அவருடைய மனைவி கண்ணாத்தாள் பெங்களூருக்குப் போனாள். மகளும் மருமகனும் வேலைக்குப் போகிறவர்கள். குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டியிருந்தது. பிறகு இரண்டாவது பிறந்தது. "இருந்துட்டு வா, எனக்கென்ன" என்று ஒவ்வொரு தடவையும் நெடுமாறன்தான் சொன்னார். சாயங்காலமானால் அவள் கூப்பிடுவாள். "சாப்பாடு என்ன பண்ணுனீங்க?" என்று கேட்பாள். அவர் பதில் சொல்ல வாயெடுக்கும்போதே பெரியவன் போனைப் பிடுங்கிவிடுவான். அவன் எதையாவது கத்துவான், இவர் சிரிப்பார், அதோடு பேச்சு முடிந்துவிடும்.

பூர்ணிமா முதல் தடவை கூப்பிட்டபோது நெடுமாறன் பூதலூர்ப் பக்கம் ஒரு மனையைப் பார்க்கப் போயிருந்தார். அவள் மனப்பாடம் செய்ததைப்போல ஆங்கிலம் கலந்து கடகடவென்று ஒப்பித்துக்கொண்டு வந்தவள், திடீரென்று நிறுத்தினாள்.

"சார், அது என்ன சத்தம்?"

"வாய்க்கால்மா. தண்ணி வந்துருக்கு."

"முழுசா வுடுறாங்களா, மொற வச்சு வுடுறாங்களா?"

குரலே மாறிவிட்டது. பட்டணத்துப் பெண் கேட்கிற கேள்வியா இது? "நீ எந்த ஊரும்மா?" என்று கேட்டார். நன்னிலம் பக்கம் ஒரு கிராமம் என்றாள். சென்னையில் மகளிர் விடுதியில் தங்கி வேலை பார்க்கிறாளாம்.

அன்றிலிருந்து ஒவ்வொரு அழைப்பிலும் சந்தாப் பேச்சுக்கு நடுவே வேறு பேச்சும் கொஞ்சம் வந்தது. நன்னிலம் வழியாகப் போக நேர்ந்தால், அவளுக்குச் சொல்வதற்காகவே நெடுமாறன் வயலை நின்று பார்த்துவிட்டு வருவார்.

"எங்க பக்கம் நடவு முடிஞ்சிருச்சா சார்?"

"முடிஞ்சு பச்ச புடிச்சிருச்சும்மா."

"ம்..." என்பாள். அப்புறம் அவர் தன் முழங்கால் வலியைச் சொல்வார், பக்கத்து வீட்டுக்காரர்கள் காலி செய்துகொண்டு போனதைச் சொல்வார். அவள் எல்லாவற்றுக்கும் ஏதாவது கேட்பாள். கடைசியில், "அப்ப ரினியூ பண்ணிரலாமா சார்?" என்பாள். அவரும் பண்ணிவிடுவார்.

மார்கழியில் அப்படித்தான் பேசி முடித்து, "லிங்க் அனுப்பும்மா, சாயங்காலம் கட்டிடுறேன்" என்றிருந்தார். சாயங்காலம் கட்டுவதற்கு முன்பே தெரியாத எண்ணிலிருந்து ஓர் அழைப்பு வந்தது. பூர்ணிமாதான். பின்னால் பேருந்துச் சத்தம்.

"சார், இது என்னோட நம்பர். ஆபீஸ் போன்ல பேசுறதெல்லாம் ரெக்கார்டு ஆவும். அதான் வெளிய வந்து பேசுறேன். கட்டிட்டீங்களா?"

"இன்னும் இல்லம்மா. இப்பதான் கட்டலாம்னு..."

"கட்டாதீங்க சார்."

"ஏம்மா?"

"ஒங்களுக்கு வர்ற லீடெல்லாம் எல்லாருக்கும் போவுது சார். மொதல்ல யாரு கூப்புடுறாங்களோ அவங்களுக்குத்தான் அமையும். அதுக்குன்னே ஆள் போட்டு வச்சிருக்காங்க சில பேரு, அவங்களுக்கு லாபம். ஒங்களுக்கு ஒண்ணுமே அமையல. எனக்கு கம்ப்யூட்டர்ல தெரியுது. தெரிஞ்சேதான் வித்துக்கிட்டு இருந்தேன். மனசு கேக்கல சார்."

"எனக்கும் தெரியும்மா."

"தெரியுமா? அப்பறம் ஏன் சார் கட்டுனீங்க?"

நீ பேசுவாய் என்றுதான் கட்டினேன் என்று எப்படிச் சொல்வது? சொன்னால் அது எப்படிக் கேட்கும்?

"சரிம்மா. கட்டல."

"தேங்க்ஸ் சார். நான் சொன்னேன்னு யார்ட்டயும் சொல்லிராதீங்க."

அவர் கட்டவில்லை. கட்டாதவரைக் கூப்பிட அவளுக்கு இனி ஒரு வேலையும் இல்லை என்பது இரண்டு மூன்று நாள் கழித்துத்தான் அவருக்கு உறைத்தது. லீட் வருவதும் நின்றது. எரிந்து விழுகிற குரல்கள்கூட இல்லை. வெறும் வீட்டில் உட்கார்ந்து, கைப்பேசி பழுதாகிவிட்டதோ என்று எடுத்து எடுத்துப் பார்த்தார். அது நன்றாகத்தான் இருந்தது.

வீட்டில் இருக்க முடியாமல் தினமும் டீக்கடைக்குப் போய் உட்கார்ந்தார். சம்பா அறுவடை முடிந்த சமயத்தில், கூத்தாநல்லூர் அப்துல் வஹாப் என்பவரை வீரையன் அங்கே அழைத்து வந்தார். வெளிநாட்டில் கடை வைத்திருந்து ஊர் திரும்பியவர். பிள்ளைகள் படிப்புக்காகத் தஞ்சாவூரில் வீடு தேடினார். நெடுமாறன் அவரை அலைய விடவில்லை. முதலில் காட்டிய வீட்டில் வெள்ளம் வந்தால் தண்ணீர் நிற்கும் என்று தானே சொல்லி வேறு வீட்டுக்குக் கூட்டிப் போனார். அது பிடித்துப்போயிற்று. பங்குனியில் கிரயம் முடிந்தது.

பத்திரம் பதிந்த அன்று அப்துல் வஹாப் அவர் கையைப் பிடித்துக் குலுக்கி, இனிப்புப் பெட்டி ஒன்றைக் கொடுத்துவிட்டுக் குடும்பத்தோடு காரில் ஏறினார். வீரையனுக்கு ஒரு கல்யாணத்துக்குப் போகவேண்டியிருந்தது. பேருந்தைப் பிடிக்க ஓடினார். நெடுமாறன் அலுவலக வாசலில் பெட்டியோடு நின்றார். ரொம்ப நாளைக்குப் பிறகு ஒரு காரியம் முடிந்திருக்கிறது. யாரிடமாவது சொல்லவேண்டும்போல இருந்தது. பூர்ணிமாவின் எண்ணைத் தேடி எடுத்துக் கூப்பிட்டார்.

"ஹலோ, யாருங்க?"

"தஞ்சாவூர் நெடுமாறன்மா. ஒரு வீடு முடிஞ்சிது. இன்னைக்குப் பத்திரம். ஒன்கிட்ட சொல்லணும்னு தோணிச்சு."

"சார்! ரொம்ப சந்தோசம் சார், நெசமாவே." பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "சார், தப்பா எடுத்துக்காதீங்க. இந்த நம்பருக்குக் கூப்புட வேணாம். கஸ்டமர்ட்ட சொந்த போன்ல பேசுனது தெரிஞ்சா வேல போயிரும்."

"தப்பு ஒண்ணும் இல்லம்மா. நான்தான் யோசிக்கல."

"ஒடம்பப் பாத்துக்குங்க சார்" என்று சொல்லிவிட்டு வைத்தாள்.

அவளை அவர் குறை நினைக்கவில்லை. கூச்சம்தான் பிடுங்கித் தின்றது. எழில்மொழி வேலை பார்க்கும் இடத்தில் யாரோ ஒரு கிழவன் இப்படி அவளைக் கூப்பிட்டால் தனக்கு எப்படி இருக்கும் என்று நினைத்துப் பார்த்தார். அந்த எண்ணை அழித்தார். பிறகு, சாயங்காலம் வரை காத்திராமல், அவராகவே கண்ணாத்தாளைக் கூப்பிட்டார்.

"என்னங்க, ஒடம்புக்கு என்ன?" பதறிக்கொண்டுதான் எடுத்தாள்.

"ஒண்ணுமில்ல. நீ எப்ப வர்ற?"

"இத்தன வருசத்துல நீங்க இதக் கேட்டதே இல்ல."

"கேட்டா வருவியோ மாட்டியோன்னு இருந்துட்டேன்."

"பெரியவன ஜூன்ல பள்ளிக்கூடத்துல போடுறாங்க. சின்னதுக்கு ஆள் பாக்கணும். மாப்ளகிட்டயும் கேக்கணும்... பாப்போம்."

"சரி. ஒரு வீடு முடிச்சேன்."

"அப்புடியா? எந்தப் பக்கம்? மாடி இருக்கா?"

மாடி இருப்பதையும், கிழக்கு பார்த்த வாசலையும், கொல்லையில் காய்க்கிற எலுமிச்சையையும் வெயிலில் நின்றபடியே அவர் சொன்னார். அவள் ஒவ்வொன்றுக்கும் "ம்" கொட்டினாள். குழந்தை விழித்துக்கொண்டு அழுதது. "அப்பறம் பேசுறேங்க" என்று வைத்துவிட்டாள்.

'பாப்போம்' என்றால் வருவாளா மாட்டாளா என்று அவருக்குப் பிடிபடவில்லை. இனிப்புப் பெட்டியை வண்டியின் முன்னால் மாட்டிக்கொண்டு, ஆளில்லாத வீட்டை நோக்கி மெதுவாக ஓட்டிப் போனார்.