அறுநூற்று நாற்பது கிலோ கொள்கை

பொது அறிவியல் கல்விக்கான கொள்கை வரைவு, ஒரு செவ்வாய்க்கிழமை காலை பதினொன்றே காலுக்கு, செயலகத்தின் ஐந்தாம் மாடித் தரையைப் பொத்துக்கொண்டு நான்காம் மாடியில் மீன்வளத் துறையின் மேஜைமேல் விழுந்தது. மேஜைக்காரர் டீ குடிக்கப் போயிருந்ததால் சேதம் மேஜையோடு நின்றது. நாற்பது பக்கம், அறுநூற்று நாற்பது கிலோ.

எழுதியவர் ஓர் இயற்பியலாளர். இருபது வருஷம் லேசரோடு குடித்தனம் நடத்திவிட்டு அரசுக்கு ஆலோசகராக வந்தவர். ஞாயிற்றுக்கிழமைகளில் பிள்ளைகளுக்கு அறிவியல் கூடம் நடத்தினார். அங்கே அவர் பெயர் ப்ரிசம் அக்கா. அவர் கொடுத்தபோது வரைவு ஆறு பக்கம், முப்பது கிராம். பிறகு பதினொரு பேர் குழு ஏழு மாதம் உட்கார்ந்து, ஆளாளுக்குத் தன் பங்கைச் சேர்த்தது. வெள்ளிக்கிழமை நாலு மணிக்குள் ஏழாம் மாடியில் அமைச்சர் கையெழுத்துப் போடாவிட்டால் அறிவியல் கூடத்தை மூடிப் பழைய கோப்புகளை அடுக்கிவிடுவார்கள்.

எட்டுப் பேர் எடைக்கு மேல் ஏற்ற மாட்டேன் என்று லிஃப்ட்காரர் கையை விரித்தார். அக்கா மூட்டை நிறுக்கும் தராசு ஒன்றை வரவழைத்து, பக்கம் பக்கமாக நிறுத்து, மூன்று முறை சரிபார்த்தார். புரியாத வாக்கியம் ஒன்றுக்குச் சராசரி ஒன்றே முக்கால் கிலோ. புரிகிற வாக்கியத்துக்கு எடையே இல்லை. யாரும் வியக்கவில்லை. குழுத் தலைவர் மட்டும் தன் பக்கங்கள்தான் அதிக எடையா என்று விசாரித்து, ஆமாம் என்றதும் மகிழ்ந்தார்.

ஒருவர் சேர்த்ததை அவரே தவிர யாரும் அடிக்கக் கூடாது என்பது குழுவின் விதி. ஆகவே வெள்ளி காலை பதினொரு பேரும் லிஃப்ட் வாசலில் வரிசை கட்டி, தங்கள் வாக்கியங்களை லிஃப்ட்காரருக்கு விளக்கினார்கள். விளங்கினால் தராசு முள் இறங்கியது. விளங்காவிட்டால் பேனா இறங்கியது. தலைவர் ‘பன்முகத் தளங்களில் செயலூக்கமுள்ள ஒருங்கிணைவு’ என்பதை அரை மணி நேரம் விளக்கினார். அதற்குள் அது நாலு கிலோ கூடியிருந்தது.

“சார், தப்பா நினைச்சுக்காதீங்க,” என்றார் லிஃப்ட்காரர். “பிள்ளைங்க கையில லென்ஸைக் குடுப்பீங்களா, மாட்டீங்களா?”

தலைவர் மேலே பார்த்தார், கீழே பார்த்தார். “குடுப்போம்பா.”

“அதை எழுதுங்க. லிஃப்ட் போயிடும்.”

மூன்றரைக்குக் கனக்கிற பக்கம் ஒன்றே ஒன்றுதான் மிஞ்சியது. அது மட்டும் ஒன்பது கிலோ. அமைச்சரின் மேஜையோ கண்ணாடி. நாலு கிலோவுக்கு மேல் வைக்கக் கூடாது. கனத்தது அக்காவின் சொந்த வாக்கியம், குழு உட்கார்ந்த பிறகு தன் பங்குக்கு அவரும் சேர்த்தது, வீட்டில் பத்து முறை உரக்கப் படித்துக் காட்டியது. எவ்வளவோ விளக்கிப் பார்த்தார். நன்றாகத்தான் இருக்கிறது, என்னவென்றுதான் தெரியவில்லை என்றார் லிஃப்ட்காரர். அக்கா கணவருக்கு போன் போட்டார்.

“எனக்கும் புரியலதான்,” என்றார் கணவர். “உன் மூஞ்சியைப் பார்த்துக்கிட்டு அதை எப்படிச் சொல்றது?”

அக்கா வேறு பக்கம் பார்த்துக்கொண்டே அதை அடித்தார். முள் பூஜ்யத்துக்கு வந்தது. நாலு மணிக்கு எட்டு நிமிஷம் இருக்கையில் அமைச்சர் கையெழுத்துப் போட்டு, தன் பங்குக்கும் இருக்கட்டும் என்று கீழே ஒரு வரி எழுதினார். பக்கம் மூன்று கிலோ ஆயிற்று. அமைச்சர் பதவிக்கு மூன்று கிலோ நியாயம்தான் என்று எல்லோரும் ஒப்புக்கொண்டார்கள். ஞாயிற்றுக்கிழமை கூடம் வழக்கம்போல் திறந்தது. அந்தப் பக்கத்தைச் சுவரில் மாட்ட, ஆணிக்குப் பதிலாக போல்ட் முடுக்கினார்கள்.