சாவி ஆபீஸில் இருந்தது

மேனேஜருக்குத் தன் அம்மா மேல் பாசம் அதிகம். கேட்காதவர்களிடமும் அவனே அதைச் சொல்வான். அந்தப் பாசத்தில்தான் அம்மா குடியிருந்த மூன்றாவது மாடி வீட்டு வாசலுக்கு வெளியே கம்பிக்கதவு போட்டான். தினமும் காலையில் அடுத்த தெருவிலிருந்து வந்து, நலம் விசாரித்து, வெளியிலிருந்து பூட்டி, சாவியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு ஆபீஸ் போவான்.

உள்ளே இரண்டு பேர். அவன் அம்மாவுக்கு எழுபத்து மூன்று வயது. முழங்கால் ஆபரேஷன் முடிந்து வாக்கர் பிடித்து நடப்பவர். அம்மாவின் அக்காவுக்கு எழுபத்தொன்பது. டெலிபோன் நிலையத்தில் முப்பது வருடம் வேலை பார்த்ததால் குடியிருப்பில் அவருக்கு ஆபரேட்டரம்மா என்றே பெயர்.

"திருடன் வந்தா என்ன பண்ணுவீங்க பெரியம்மா?" என்றான், பூட்டு மாட்டிய அன்று.

"அவன் வர்றது இருக்கட்டும். நாங்க எப்படிடா வெளிய போறது?"

"நீங்க எங்க போகப் போறீங்க?" என்று சிரித்தான். நகைச்சுவை என்று நினைப்பு.

அப்பளம் பொரித்தாலே கத்துகிறது என்று, கூரையிலிருந்த புகை அலாரத்தையும் அவன் கழற்றிவிட்டான். பதிலுக்கு அம்மாவின் அறையில் பேசும் கேமரா ஒன்றை மாட்டினான். ஆபீஸில் உட்கார்ந்தபடியே பார்க்கலாம், பேசலாம். முழங்காலுக்குச் சூடு வைக்கும் மின்மெத்தைக்கு வயர் எட்டவில்லை என்றதும், வீட்டில் கிடந்த பழைய எக்ஸ்டென்ஷன் பெட்டியைக் கட்டிலுக்கு அடியில் தள்ளி, அதிலேயே டேபிள் ஃபேனையும் ஹீட்டரையும் செருகினான். பெட்டி சுடுகிறது என்று ஆபரேட்டரம்மா இரண்டு முறை சொன்னார். "உங்களுக்கு எல்லாமே பயம்தான்" என்றான்.

ஒரு செவ்வாய்க்கிழமை காலை பதினொரு மணிக்கு, கட்டிலுக்கு அடியிலிருந்து ரப்பர் கருகும் நாற்றம் வந்தது. ஆபரேட்டரம்மா சமையலறையிலிருந்து வருவதற்குள் கட்டில் மெத்தையின் ஓரம் பற்றிக்கொண்டது. கட்டிலில் இருந்த தங்கை மின்மெத்தையை இழுத்துப் போடப் பார்த்து விரல்களைச் சுட்டுக்கொண்டார்.

சுவரில் கேமரா உயிர் பெற்றது. "அம்மா! பெரியம்மா! யாரும் பதட்டப்படாதீங்க! தண்ணி ஊத்துங்க! பக்கெட்ல தண்ணி எடுத்து ஊத்துங்க!"

"கரண்ட்டுல தண்ணியாடா? உன்னை எந்த மடையன் மேனேஜர் ஆக்கினான்?"

ஆபரேட்டரம்மா தங்கையை எழுப்பி, வாக்கரைக் கையில் கொடுத்து, அறைக்கு வெளியே நகர்த்தினார். கூடத்துச் சுவரில் உயரத்தில் இருந்த மெயின் ஸ்விட்சைத் துடைப்பக் கட்டையால் தட்டி அணைத்தார். "நான் சொல்றபடி கேட்டீங்கன்னா..." என்ற இடத்தில் கேமரா செத்தது. அந்தக் களேபரத்திலும் அவருக்கு அது பரம நிம்மதியாக இருந்தது.

அறைக் கதவை இழுத்துச் சாத்தி, கீழ் இடுக்கில் ஈரத் துண்டை அடைத்தார். வாசலின் மரக்கதவைத் திறந்து, கம்பியோரம் காற்று வரும் இடத்தில் நாற்காலி போட்டுத் தங்கையை உட்கார வைத்தார். பிறகு தீயணைப்பு நிலையத்துக்குப் போன் செய்தார். கதவு எண், மாடி, எந்த அறை.

"உள்ள வயசானவங்க ரெண்டு பேர். ஒருத்தருக்கு நடக்க முடியாது. வாசல் வெளிய பூட்டியிருக்கு. பூட்டை வெட்ட ஏதாவது எடுத்துட்டு வாங்க."

"வெளிய பூட்டா? யாரும்மா பூட்டினது?"

"அதை அப்புறம் சொல்றேன். வண்டியை எடுங்க."

பதினொரு நிமிடத்தில் வந்து பூட்டை வெட்டினார்கள். கட்டில் போனது, அறையின் ஒரு சுவர் கரியானது. இருவரும் இருமிக்கொண்டே கீழே வந்து சேர்ந்தபோது, மேனேஜர் ஓடி வந்தான்.

"சாவி கொண்டு வந்துட்டேன்!"

நிலைய அதிகாரி சாவியைப் பார்த்தார், அவனைப் பார்த்தார். "பத்திரமா வெச்சுக்குங்க."

"வயசாயிடுச்சு சார். எதையாவது போட்டுட்டு அணைக்க மறந்துடறாங்க."

"கட்டிலுக்கு அடியில பெட்டியை வெச்சது யாரு? அலாரத்தைக் கழட்டினது?" என்று, மேலே அறையைப் பார்த்துவிட்டு வந்திருந்த அதிகாரி கேட்டார்.

தங்கை முந்திக்கொண்டு பேசினார். "அவன் எங்க நல்லதுக்குத்தான் சார் செஞ்சான்." ஆபரேட்டரம்மாவுக்குப் புகை அடைத்ததைவிட இது அதிகமாக நெஞ்சை அடைத்தது.

அடுத்த ஞாயிறு குடியிருப்போர் கூட்டம். முதியோர் இருக்கும் வீட்டில் தீப்பாதுகாப்பு பற்றி மேனேஜர் பேச எழுந்தான். யாரும் கூப்பிடவில்லை. "நான் ஆபீஸ்ல இருந்தே கேமரா வழியா ஒவ்வொண்ணா சொல்லிச் சொல்லி ரெண்டு பேரையும் வெளிய கொண்டு வந்தேன்" என்றான். நாலைந்து பேர் கைதட்டக்கூடச் செய்தார்கள்.

ஆபரேட்டரம்மா வாய் திறப்பதற்குள், பக்கத்தில் வாக்கர் தரையில் தட்டியது. தங்கை எழுந்து நின்றிருந்தார். கட்டுப்போட்ட விரலால் மகனைச் சுட்டினார்.

"பொய் சொல்லாதடா. கரண்ட்டுல தண்ணி ஊத்தச் சொன்னே. மெயினை அணைச்சது அக்கா. எங்களை உள்ள வெச்சுப் பூட்டினது நீ."

அவன் அசடு வழியச் சிரித்துப் பார்த்தான். கூடச் சிரிக்க ஆளில்லை. உட்கார்ந்துவிட்டான்.

அந்த வாரமே கம்பிக்கதவு போனது. அறைக்கு ஒரு அலாரம் வந்தது. கட்டிலுக்குப் பக்கத்துச் சுவரிலேயே எலெக்ட்ரீஷியன் புது பிளக் வைத்துக் கொடுத்தார்.

ஞாயிறன்று கூட்டம் முடிந்து லிஃப்டில் போகும்போதே தங்கை கேட்டார்: "ரொம்பக் கடுமையா பேசிட்டேனாக்கா?"

"பத்தாது" என்றார் அக்கா.