வாடை இல்லாத எண்ணெய்

சுகிர்தத்தை மங்கம்மாவுக்கு முதல் நாளே பிடிக்கவில்லை. காசிமேட்டுக் குப்பத்தில் வந்து இறங்கிய அன்றைக்கே மூக்கின்மேல் கைக்குட்டையை வைத்துக்கொண்டு நின்றவள் அவள். நாலு மாதமாகியும் அந்தக் கைக்குட்டை இறங்கவில்லை. மீன் வாடை ஆகாதவளுக்கு மீன்காரி வீட்டுப் பிள்ளையிடம் என்ன ஜோலி என்று மங்கம்மா வாய்க்குள்ளேயே கேட்டுக்கொண்டாள். வாயைத் திறந்து கேட்டால் தேசுவின் பெயரை எண்ணெய் கொடுக்கிற நோட்டிலிருந்து எடுத்துவிடுவார்களோ என்று பயம்.

தேசு என்கிற தேசம்மா அவளுடைய ஒரே மகள், ஏழு வயது. பகலெல்லாம் குப்பத்தையே கலக்கிக்கொண்டு திரிவாள். பொழுது சாய்ந்தால் போதும், சுவரைத் தடவிக்கொண்டு நடப்பாள். மாலைக்கண். சீமையில் சண்டை நடந்துகொண்டிருந்த காலம் அது. அரிசி வந்தால் பருப்பு வராது, பாலைப் பற்றிப் பேச்சே கிடையாது. குப்பத்தில் பாதிப் பிள்ளைகள் அந்தி நேரத்தில் இப்படித்தான் தடவிக்கொண்டிருந்தார்கள். புருஷனைக் கடல் கொண்டுபோய் மூன்று வருஷம். இந்தப் பெண்ணுக்குக் கண்ணும் போய்விட்டால் தனக்குப் பிறகு இதை யார் வைத்துச் சோறு போடுவார்கள் என்கிற ஒரே கவலைதான் மங்கம்மாவை அரித்துக்கொண்டிருந்தது.

அந்தச் சமயத்தில்தான் டாக்டர் லியோனார்ட் வந்தார். பார்க்க வெள்ளைக்காரர் மாதிரி இருந்தாலும் தமிழ் தடங்கலில்லாமல் பேசினார். சீமையிலிருந்து வந்துகொண்டிருந்த மீனெண்ணெய் சண்டையினால் நின்றுபோயிற்று, நம் கடல் சுறாவின் ஈரலில் காய்ச்சிய எண்ணெய் பிள்ளைகளின் கண்ணைத் தேற்றுகிறதா என்று பார்க்கப்போகிறோம் என்றார். மாலைக்கண் வந்த இருபத்துநாலு பிள்ளைகளைப் பொறுக்கி எடுத்தார்கள். ஆளுக்கொரு பழுப்பு பாட்டில், அதில் நம்பர். தினம் பள்ளிக்கூடத்தில் ஒரு கரண்டி எண்ணெய், வெள்ளிக்கிழமைதோறும் அளவு.

அளப்பது சுகிர்தத்தின் வேலை. திருநெல்வேலிப் பக்கத்துக்காரி, படித்தவள். எடை பார்ப்பாள், உயரம் பார்ப்பாள், கண் இமையைத் தூக்கிப் பார்ப்பாள். பிறகு கறுப்புத் துணி போட்டு மூடிய அறைக்குள் பிள்ளையை உட்காரவைத்து, ஒரு சின்னத் துளை வழியாக மங்கலான விளக்கைக் காட்டுவாள். வெளிச்சம் தெரிகிறது என்று பிள்ளை சொல்வதற்கு எத்தனை வினாடி ஆகிறது என்று கடிகாரத்தைப் பார்த்து எழுதிக்கொள்வாள். எழுதும்போது பிள்ளையின் முகத்தைக்கூடப் பார்க்கமாட்டாள். குப்பத்தில் அவளுக்கு அளவுக்காரி என்று பெயர் வந்ததில் ஆச்சரியம் என்ன!

அளவுக்காரி ஒரு கட்டளையும் போட்டிருந்தாள். வீட்டில் பிள்ளைக்கு ஈரலே கொடுக்கக் கூடாது. கொடுத்தால் கண் தெளிந்தது எண்ணெயினாலா ஈரலினாலா என்று தெரியாமல் போய்விடுமாம். மங்கம்மாவுக்கோ கரையில் சுறா அறுக்கிற வேலை. ஈரலைத் தனியாக எடுத்து, எண்ணெய் காய்ச்சும் கொட்டகைக்காக வாங்கும் லியாகத் அலியிடம் கொடுப்பாள். மாலைக்கண்ணுக்கு ஈரலைச் சுட்டுத் தின்னக் கொடுப்பது கரையில் பிறந்த எல்லாருக்கும் தெரிந்த வைத்தியம். அதற்குத்தான் அவளும் ஆயத்தமாக இருந்தாள். அளவுக்காரி விடவில்லை. உன் சாமி பேரைச் சொல்லிச் சத்தியம் பண்ணு என்றாள். ஏசுவைக் கும்பிடுகிற வேதக்காரிக்கு எங்கள் சாமி சத்தியம் எதற்கு என்று எரிச்சல் வந்தாலும், மங்கம்மா அங்காளம்மன் பேரில் சத்தியம் செய்து கொடுத்தாள்.

செய்த சத்தியத்தைக் காப்பாற்றவும் செய்தாள், பைத்தியக்காரி. ஒரு நாள் எதிர் வீட்டு அடுப்பில் வெந்துகொண்டிருந்த ஈரல் துண்டைத் தேசு எடுத்து வாயில் போட்டுக்கொண்டாள். மங்கம்மா ஓடிப்போய், பெண்ணின் கடைவாயில் விரலை விட்டு அதைத் தோண்டி வெளியே எடுத்தாள். முதுகில் நாலு வைத்தாள். தேசு அழுது அடங்க வெகுநேரம் ஆயிற்று.

மூன்றாம் மாதத்தில் பக்கத்து வீட்டுச் சிலுவையம்மாளின் மகள் அந்தியில் கரையெல்லாம் ஓடிப்பிடித்து விளையாட ஆரம்பித்துவிட்டாள். தேசுவோ மோசமாகிக்கொண்டே போனாள். வெள்ளை விழியில் சோப்பு நுரை மாதிரி திட்டு வந்தது. கறுப்பு அறைக்குள் மற்றப் பிள்ளைகள் பலர் பத்து எண்ணுவதற்குள் தெரியுது என்று கத்தினார்கள். இவள் அறுபது எண்ணினாலும் பேசாமல் உட்கார்ந்திருந்தாள். நாலாம் மாதம் ஒரு சாயங்காலம் கரையில் கிடந்த நங்கூரத்தில் முட்டி நெற்றியைப் பிளந்துகொண்டு வந்தாள். அந்த வெள்ளிக்கிழமை சுகிர்தம் நெற்றிக் கட்டை ஒதுக்கிவிட்டு இமையைத் தூக்கிப் பார்த்து, ஒரு வரி எழுதி, அடுத்த பிள்ளையைக் கூப்பிட்டாள். நம்ம தலையெழுத்து, என் பெண்ணுக்கு எண்ணெய் பிடிக்கவில்லை என்று நினைத்து மங்கம்மா மூக்கைச் சிந்திக்கொண்டு வீடு வந்தாள்.

மறுநாள் துணி துவைத்தாள். பள்ளிக்கூடத்துச் சட்டையின் கழுத்தில் எண்ணெய்க் கறை. கசக்கி, வெயிலில் காயப்போட்டு, மடிக்கிறபோது சும்மா மூக்கில் வைத்துப் பார்த்தாள். வைத்தவள் அப்படியே நின்றுவிட்டாள். சுறா எண்ணெய் துணியில் பட்டால் லேசில் விடாது. துவைத்துக் காயவைத்தால்தான் அதன் நாற்றம் கூடும். கொட்டகைப் பக்கம் போய்வந்த சேலையை அவள் ஒரு வாரம் தனியாகப் போட்டுவைப்பாள். இந்தச் சட்டையில் ஒரு வாடையும் இல்லை. சிலுவையம்மாளின் கொடியில் தொங்கிய சட்டையை எட்டி இழுத்து மோந்தாள். குடலைப் பிடுங்கியது. பாட்டிலில் புதினா வாசனை கலந்திருந்தார்கள். அது குடிக்கும்போது மூக்கை ஏமாற்றும், வெயில் பட்டால் ஓடிவிடும். தன் பெண் நாலு மாதமாகக் குடித்தது சுறா எண்ணெயே இல்லை, வேறு ஏதோ எண்ணெய் என்று மங்கம்மாவுக்குப் புரிந்தது.

திங்கட்கிழமை காலையில் பள்ளிக்கூடத்துக்குப் போய்ச் சட்டையைச் சுகிர்தத்தின் மேஜைமேல் வீசினாள். எந்த பாட்டிலில் எது இருக்கிறது என்று தனக்கே தெரியாது, தெரிந்தால் அளவு நேர்மையாக இருக்காது என்றாள் சுகிர்தம். அது உண்மைதான். டாக்டருக்கு மட்டுமே தெரியும். சத்தம் கேட்டு டாக்டரே உள்ளேயிருந்து வந்தார். அவர் மழுப்பவில்லை. பன்னிரண்டு பேருக்குச் சுறா எண்ணெய், பன்னிரண்டு பேருக்குக் கடலை எண்ணெய் என்று ஒப்புக்கொண்டார். இரண்டு கூட்டத்தையும் பக்கத்தில் வைத்து அளந்தால்தான் எண்ணெயின் வேலை தெரியும், தெரிந்தால்தான் சர்க்கார் பட்டணத்துப் பிள்ளைகள் எல்லாருக்கும் கொடுக்கும், இன்னும் இரண்டே மாதம், அதற்குப் பிறகு உன் பெண்ணுக்கும் உண்டு என்று பொறுமையாக எடுத்துச் சொன்னார். அந்தப் பொறுமையைப் பார்த்துத்தான் மங்கம்மாவுக்கு அவரை அறையலாம் போல் இருந்தது.

"நீ எண்ணெ குடுக்காங்காட்டியும் போவுது நைனா, அது உன் இஸ்டம்," என்றாள். "நான் குடுத்துருப்பேனே. எங்கையில ஈரலு கீது. எங்கொயந்த வாயில வெரல வுட்டு நோண்டி எடுத்தேன், உங்க பேச்சக் கேட்டுகினு. அத்த எந்த நோட்டுல எய்திக்கினே?"

வேண்டுமானால் பெண்ணை நிறுத்திக்கொள் என்று மட்டும் சொல்லிவிட்டு டாக்டர் உள்ளே போனார். சுகிர்தம் சட்டையை இரண்டு விரலால் தூக்கி நீட்டினாள்.

மங்கம்மா பெண்ணை நிறுத்தவில்லை. அவளுக்கு ஆத்திரம் தலைக்கேறியிருந்தது. நாலு மாதம் என்னை முட்டாளாக்கினீர்கள் அல்லவா, உங்கள் கணக்கு எப்படி உருப்படுகிறதென்று பார்க்கிறேன் என்று கறுவிக்கொண்டாள். அன்றைக்கே நோட்டில் பேர் இருந்த ஒவ்வொரு பிள்ளையின் வீட்டுக்கும் போய்ச் சட்டையை வாங்கி மோந்தாள். பைத்தியம் பிடித்துவிட்டதா என்று கேட்டவர்களுக்கு விஷயத்தைச் சொன்னாள். குப்பத்துப் பெண்களுக்கு மூக்கைப் பற்றி யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. தாங்களும் மோந்து பார்த்து, மண்ணை வாரித் தூற்றினார்கள். டாக்டர் சொன்னபடியே சரியாகப் பன்னிரண்டு சட்டைகளில் வாடை இல்லை.

அன்று முதல் பன்னிரண்டு பிள்ளைகளுக்கும் பொழுது சாய்வதற்குள் மங்கம்மாவின் அடுப்பில் ஈரல் வெந்தது. ஆளுக்குக் கட்டைவிரல் பருமன் ஒரு துண்டு. சத்தியத்தை அங்காளம்மனே பார்த்துக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டாள். எட்டாம் நாள் அந்தியில் தேசு, அம்மா, உன் மூக்குத்தி தெரியுது என்றாள். மங்கம்மா அடுப்படியிலேயே உட்கார்ந்து வாய்விட்டு அழுதாள்.

நாலாவது வெள்ளிக்கிழமை முடிந்து சுகிர்தம் தேடிக்கொண்டு கரைக்கே வந்தாள். கத்தியும் கையுமாக இருந்த மங்கம்மாவுக்கு எதிரில் போய் நின்றாள். கோபத்தில் கைக்குட்டையை மறந்திருந்தாள். டாக்டர் பாட்டில் நம்பரை வைத்துப் பிரித்துப் பார்த்ததில் இரண்டு கூட்டத்துக்கும் ஒரே அளவு வந்துவிட்டது என்றாள். கடலை எண்ணெய் குடித்த பிள்ளைகளும் தேறிவிட்டதால், இந்த எண்ணெயினால் பிரயோஜனம் இல்லை என்றுதான் எழுத வேண்டிவரும், மேலே இருப்பவர்கள் அதை நம்பி எண்ணெய் வேண்டாம் என்பார்கள் என்றாள்.

"ஒன் ஒரு பிள்ளைக்காக ஊர்ப்பிள்ளை எல்லாத்துக்கும் கிடைக்கதைக் கெடுத்துட்டியே. ஒனக்கு மனசாட்சி இருக்கா?"

மங்கம்மா இதை எதிர்பார்க்கவில்லை. கணக்கைக் கெடுக்கத்தான் நினைத்தாள். ஆனால் அந்தக் கணக்குக்குப் பின்னால் வேறு பிள்ளைகளும் நிற்கிறார்கள் என்று அவள் யோசிக்கவே இல்லை. கத்தியைக் கீழே போட்டுவிட்டு, நான்தான் ஈரல் கொடுத்தேன், எத்தனை நாள், எவ்வளவு பருமன் என்று சொல்கிறேன், அதையும் எழுதிக்கொள் என்றாள். அதுவே ஒரு அத்தாட்சி இல்லையா என்று கேட்டாள். நியாயமான கேள்விதான். ஆனால் மீன்காரியின் கட்டைவிரல் டாக்டருடைய தராசில் ஏறுமா?

அவர் எழுதவில்லை. பன்னிரண்டு பேர்களின் மேலும் சிவப்பு மையால் கோடு இழுத்தார். சுறா எண்ணெய் குடித்தவர்களின் அளவை அப்படியே வைத்துக்கொண்டு, ஒப்பிட்டுப் பார்க்க வேறு பன்னிரண்டு பிள்ளைகளை வேறு ஊரில் பொறுக்கிக்கொள்வதாக முடிவாயிற்று. இந்தச் சேதியைச் சொன்னதும் சுகிர்தம்தான். தன் முறைக்குக் குத்திக்காட்டவே மறுபடியும் கரைக்கு வந்தாள். எர்ணாவூர் என்றாள். உப்பளத்து ஜனங்கள், அவர்களுக்குச் சுறா ஈரலும் தெரியாது, அதன் வாடையும் தெரியாது என்றாள்.

"அங்க எவளும் சட்டையை மோந்து பார்க்கமாட்டா," என்று சொல்லிவிட்டுத் திரும்பி நடந்தாள்.

மங்கம்மா அன்று அதற்குமேல் சுறா அறுக்கவில்லை. தன் பெண்ணுக்கு வந்த வெளிச்சம் எங்கேயோ பன்னிரண்டு வீட்டு அந்தியில் பிடுங்கப்படப்போகிறது என்பது அவளுக்குச் சோற்றில் கல்லாகக் கடித்தது. எண்ணெய் தொடங்கிய சேதி கிடைத்ததும் கூடையில் ஈரலை இலையில் பொதிந்து எடுத்துக்கொண்டு எர்ணாவூருக்கு நடந்தாள். திருவொற்றியூரைத் தாண்டுவதற்குள் வெயில் ஏறிவிட்டது. அங்கே கொடிகளில் தொங்கிய பள்ளிக்கூடச் சட்டைகளைத் தேடித் தேடி மோந்தாள். ஒன்றில்கூட வாடை இல்லை. வீடு வீடாக நின்று சொன்னாள். துணி திருடவந்தவள் என்று ஒருத்தி விரட்டினாள். ஓசியில் எண்ணெய் கொடுக்கிற டாக்டர்மேல் பொறாமை என்றாள் இன்னொருத்தி. ஒரு வீட்டில் ஈரலை வாங்கி, அவள் கண்ணெதிரிலேயே நாய்க்குப் போட்டார்கள். மங்கம்மா யாரையும் திட்டவில்லை. நாலு மாதத்துக்கு முன்னால் ஒருத்தி வந்து இப்படிச் சொல்லியிருந்தால், அவளைத் துடைப்பத்தால் அடித்திருப்பேன் என்று அவளுக்கே தெரியும்.

மூன்று நாளைக்கு ஒரு தடவை போய்க்கொண்டே இருந்தாள். பன்னிரண்டு வீட்டில் மூன்று வீட்டார் வாங்கிக்கொண்டார்கள். மற்ற ஒன்பது பிள்ளைகளையும் வெள்ளிக்கிழமைதோறும் சுகிர்தம் கறுப்பு அறைக்குள் உட்காரவைத்து, வினாடி எண்ணி எழுதிக்கொண்டிருந்தாள்.